'சன்ரைஸ்' பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மௌனப் படம்தானே என்று ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்காதீர்கள். எஃப். டபிள்யூ. முர்னாவ் ஃபாக்ஸ் நிறுவனத்துக்காக இயக்கிய 'சன்ரைஸ்', 1927-இல் இசையும் ஓசைகளும் பதிவான ஒலித்தடத்துடன் வெளிவந்தது. புயலுக்குப் பின் ஏரியில் மனைவியைத் தேடிக் கணவன் கூவும்போது நமக்குக் கேட்பது மனிதக் குரல் அல்ல, கொம்பு வாத்தியத்தின் ஓலம். அது கேட்காவிட்டால் அந்தக் காட்சியின் வேதனையில் பாதி போய்விடும்.

நடிப்பு மிகை என்று ஒதுக்குவதும் தவறு. கணவனாக நடிக்கும் ஜார்ஜ் ஓ'பிரையன் முதுகு கூனி, கால்களை இழுத்து நடக்கிறார். அந்த நடைக்காகவே அவருடைய காலணிகளில் எடை வைத்தார் முர்னாவ். மனைவியைக் கொல்ல நினைத்தவனின் குற்றம் உடம்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அவள் மன்னித்த பிறகு அதே மனிதன் எப்படி நிமிர்ந்து நடக்கிறான் என்று பாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, கதைச்சுருக்கத்தை வைத்துப் படத்தை எடைபோடுவது. கொல்லப் பார்த்தவனை அன்றைக்கே மன்னிப்பாளா என்ற கோபம் நியாயமானதுதான். ஆனால் முர்னாவ் அந்த மன்னிப்பை, திரையில் எழுத்தாகத் தோன்றும் ஒரு வசன அட்டையில் முடித்துவிடவில்லை. அவள் தப்பியோடி டிராமில் ஏறுகிறாள், அவனும் தொற்றிக்கொள்கிறான். இருவரும் பேசுவதில்லை. சன்னலுக்கு வெளியே ஏரியும் மரங்களும் விலக, நகரம் நெருங்குகிறது. உணவகத்தில் அவன் வாங்கித் தரும் கேக்கைத் தின்ன முடியாமல் அவள் அழுகிறாள். பிறகு தேவாலயத்தில், யாரோ இருவரின் திருமண உறுதிமொழியைக் கேட்டு அவன் உடைகிறான். மனைவியாக நடிக்கும் ஜேனட் கேனரின் முகத்தில் அச்சம் சிறிது சிறிதாக இளகுவதுதான் இந்தப் படம். வேகமாக ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

கிராமம் நல்லது, நகரம் கெட்டது என்று பிரித்துவிடவும் வேண்டாம். கணவனை மயக்குபவள் நகரத்துக்காரிதான். ஆனால் பிரிந்தவர்கள் சேர்வதும் நகரத்தில்தான்.

கிடைக்கும் பிரதியிலும் கவனம் வேண்டும். மூல நெகட்டிவ் 1937-இல் ஃபாக்ஸ் கிடங்கில் பற்றிய தீயில் அழிந்துவிட்டது. மங்கிய பிரதியைப் பார்த்து ஒளிப்பதிவு சுமார் என்று சொல்வது, முதல் ஆஸ்கர் விழாவில் அதற்காகவே பரிசு பெற்ற சார்லஸ் ரோஷருக்கும் கார்ல் ஸ்ட்ரஸுக்கும் செய்யும் அநீதி. சதுப்பு நிலத்தின் பனிமூட்டத்தில் கணவனைக் கேமரா பின்தொடரும் நீண்ட காட்சி, மேலே அமைத்த தண்டவாளத்தில் கேமராவைத் தொங்கவிட்டு எடுத்தது. சீரமைக்கப்பட்ட பதிப்பைத் தேடிப் பாருங்கள், அந்த ஒரு காட்சிக்காகவாவது.