கப்பல் சுமந்து வரும் செய்தி: புதிய தொழில்நுட்பம் ஒன்றைச் சுற்றி அறிவியல் புனைவுக் கேம்பெய்னைத் திட்டமிடுதல்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரத்தை ஏற்று ஆடும் ஆட்டத்தில், பல அமர்வுகள் நீளும் ஒரே கதைக்குக் கேம்பெய்ன் என்று பெயர்; அதை நடத்துபவர் கேம் மாஸ்டர். அறிவியல் புனைவுக் கேம்பெய்ன் நடத்த முன்வரும் கேம் மாஸ்டர்களில் பெரும்பாலோர் முதலில் கருவியைத்தான் கற்பனை செய்கிறார்கள். அது எப்படி இயங்குகிறது, யார் கண்டுபிடித்தார்கள், எவ்வளவு ஆற்றல் உடையது என்று பத்துப் பக்கம் எழுதிவிடுகிறார்கள். மேசையைச் சுற்றி நால்வர் வந்து உட்கார்ந்ததும், அந்தக் கருவியை வைத்து இவர்களை என்ன செய்யச் சொல்வது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். நான் நடத்திய முதல் இரண்டு கேம்பெய்ன்களும் அப்படித்தான் தொடங்கின. இரண்டும் நான்காவது அமர்வைத் தாண்டவில்லை. அதன் பிறகு ஒரு முறையை வகுத்துக்கொண்டேன். கருவியைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கு முன்பே, அது எந்த இடைவெளியை மூடப்போகிறது என்பதையும், அந்த இடைவெளி இருப்பதால் இன்று யார் வீட்டில் உலை கொதிக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆட்டக்காரர்களின் கதாபாத்திரங்கள் அந்த வீட்டில்தான் பிறக்க வேண்டும்.

முறை விளங்குவதற்காக ஒரே ஓர் உதாரணத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை எடுத்துக்கொள்கிறேன். 1977இல் வெளிவந்த டிராவலர் என்னும் ஆட்டத்தில், விண்மீன்களுக்கிடையே பாய்ந்து செல்லும் கப்பல்கள் உண்டு, ஆனால் கப்பலைவிட வேகமாகச் செய்தி செல்ல வழியே கிடையாது. ஒரு பாய்ச்சல் ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கும். செய்தியும் கடிதமும் அரசாணையும் கப்பலில் ஏறித்தான் வந்தாக வேண்டும். பாய்மரக் கப்பல் காலத்தின் தன்மை அந்த உலகத்துக்கு இதனால்தான் வாய்த்தது. அத்தகைய உலகத்தில் விண்மீன்களுக்கிடையே உடனுக்குடன் செய்தி அனுப்பும் கருவி ஒன்று தோன்றினால் என்ன ஆகும் என்பதே நமது கேம்பெய்ன். இதற்கு டிராவலர் விதிகள் கட்டாயமில்லை. உங்கள் குழுவுக்குப் பழகிய எந்த விதிநூலும் போதும்.

இனி ஒரு சிறு வணிகக் கப்பலின் வரவு செலவுக் கணக்கைப் பார்ப்போம். பழைய டிராவலர் விதிகளில் ஃப்ரீ டிரேடர் எனப்படும் கப்பலின் விலை 3,70,80,000 கிரெடிட் (அந்த ஆட்ட உலகின் நாணயம்). கடனில் வாங்கியவர் மாதந்தோறும் விலையில் 240இல் ஒரு பங்கை, 480 மாதங்கள் கட்ட வேண்டும். அதாவது மாதத் தவணை 1,54,500 கிரெடிட். பாய்ச்சலில் ஒரு வாரம், துறைமுகத்தில் ஒரு வாரம் என்று வைத்தால் மாதத்திற்கு இரண்டு பயணங்கள் தேறும். அஞ்சல் சுமப்பதற்குப் பயணம் ஒன்றுக்கு 25,000 கிரெடிட் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், மாதம் 50,000 வருகிறது; தவணையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது. புதிய கருவி எங்கும் பரவியதும் முதலில் மறையப்போவது இந்த வரவுதான். “விண்வெளி வணிகம் நிலைகுலைந்தது” என்று நீங்கள் நீட்டி முழக்கினாலும் ஆட்டக்காரருக்கு உறைக்காது. சென்ற மாதம் கணக்கேட்டில் இருந்த 50,000 இந்த மாதம் இல்லை என்றால் உறைத்துவிடும். ஆகவே கேம்பெய்ன் தொடங்கும்போதே கணக்கேட்டை ஆட்டக்காரர் கையில் கொடுத்து, குறைந்தது மூன்று அமர்வுகளுக்காவது பழைய உலகில் உழைத்துச் சம்பாதிக்க விடுங்கள். இழப்பதற்கு ஏதாவது இருந்தால்தான் மாற்றம் தெரியும்.

இப்போது கருவிக்கு வரலாம். அதற்குச் சோடிப் பெட்டி என்று பெயர் வைத்தேன். இரண்டு பெட்டிகள் ஒன்றாகச் செய்யப்படுகின்றன. ஒன்றில் தட்டுவது, எவ்வளவு தொலைவில் இருந்தாலும், மற்றதில் அக்கணமே ஒலிக்கும். ஒரு பெட்டி தன் சோடியுடன் மட்டுமே பேசும். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு எழுத்துகளுக்கு மேல் போகாது. ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ளே இருக்கும் பொருள் சிறிது தேயும். இந்தக் கட்டுப்பாடுகள் கருவியின் அழகைக் குறைப்பவை என்று நினைக்க வேண்டாம், கதை முளைப்பதே இவற்றில்தான். 1858இல் அட்லாண்டிக் கடலடியில் இட்ட முதல் தந்திக் கம்பி வழியாக விக்டோரியா அரசியார் அனுப்பிய 98 சொற்கள் போய்ச் சேர 16 மணி நேரம் ஆனது; சில வாரங்களில் அந்தக் கம்பியே செத்துப்போனது. வரலாற்றில் புதிய கருவிகள் இப்படித்தான் தட்டுத் தடுமாறி வந்திருக்கின்றன.

அறிவியல் விளக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். குவாண்டம் பிணைப்பால், அதாவது தொலைவில் இருக்கும் இரு துகள்களுக்கிடையே நிலவும் தொடர்பால், இது இயங்குகிறது என்று எழுதிவிட ஆசை வரும், எழுத வேண்டாம். பிணைப்பைக் கொண்டு ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்ப முடியாது என்பது இயற்பியலில் நிறுவப்பட்ட முடிவு, உங்கள் மேசையில் அதை அறிந்தவர் ஒருவராவது இருப்பார். “நாம் ஒரே ஒரு விதியை மீறுகிறோம், மற்ற எல்லாம் நமக்குத் தெரிந்த உலகம்தான்” என்று முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நேர்மை.

சோடியில் ஒரு பெட்டி தலைநகரில் இருக்க, மற்றது தொலைதூர உலகத்துக்குப் போக வேண்டும் அல்லவா? அதைக் கப்பலில்தான் கொண்டுபோக முடியும். இதுவே முதல் பெரிய பணி. முத்திரையிட்ட ஒரு பெட்டியைக் கொண்டு சேர்க்க வழக்கத்தைவிட மும்மடங்கு கூலி தரப்படுகிறது. கதாபாத்திரங்கள் தங்கள் பிழைப்பின் முடிவைத் தாங்களே சுமந்துகொண்டு போகிறார்கள். உள்ளே இருப்பது என்ன என்பதை அவர்கள் வழியில் அறிந்துகொள்ளவும் வாய்ப்புக் கொடுங்கள். அறிந்த பிறகு கொண்டு சேர்ப்பதா, விற்பதா, விண்வெளியில் எறிவதா என்ற வாக்குவாதம் ஒரு முழு அமர்வை எடுத்துக்கொண்டாலும் குறுக்கிடாதீர்கள்.

கதாபாத்திரங்களை உருவாக்கும் நாளில் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: செய்தி தாமதமாக வருவதால் உங்களுக்குக் கிடைக்கும் நன்மை என்ன? கப்பல் தலைவி அஞ்சல் கூலியைச் சொல்வார். தரகர், ஓர் உலகின் விலை மறு உலகுக்குத் தெரியாததால் தனக்குக் கிடைக்கும் லாபத்தைச் சொல்வார். பொறியாளர் வேடம் ஏற்றவர், தன் பெயரில் பழைய உலகில் ஒரு பிடியாணை இருக்கிறது, அது தன்னை எட்டும் முன் அடுத்த உலகுக்குப் போய்விடுவதே வாழ்க்கை என்று சொன்னால், அவருக்காக ஒரு தனி அமர்வே திட்டமிடலாம். 1845ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் இங்கிலாந்தில் ஸ்லவ் நகருக்கு அருகே ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டு ரயிலேறிய ஜான் டாவெல் என்பவர், ரயிலை முந்திச் சென்ற தந்தியால் லண்டனில் அடையாளம் காணப்பட்டு, பின்தொடரப்பட்டு, மறுநாள் கைதானார். குவேக்கர் சமயத்தார் அணியும் உடை அவர் அணிந்திருந்தார். அந்தத் தந்திக் கருவியில் ஆங்கில ‘க்யூ’ எழுத்து இல்லாததால், அந்த எழுத்தில் தொடங்கும் குவேக்கர் என்ற சொல்லைப் பிழையான எழுத்துகளில் அனுப்ப வேண்டியிருந்தது. பெறுபவர் முதலில் குழம்பினார் என்று சொல்லப்படுகிறது. அந்தக் குழம்பிய சில நிமிடங்களே உங்கள் பொறியாளர் தப்புவதற்கான பகடை வீச்சு.

திட்டமிடுவதில் நான் மிகுந்த கவனம் கொடுக்கச் சொல்வது கேம்பெய்னின் நடுப்பகுதிக்கு. புதிய கருவி வந்தவுடன் பழைய தொழில் படுத்துவிடும் என்று நினைப்பது தவறு. பாதி வலை விரிந்திருக்கும் காலத்தில்தான் பழைய தொழிலுக்கு மிகப்பெரிய கிராக்கி. 1850இல் ஜெர்மனியின் ஆகன் வரை ஒரு தந்திக் கம்பியும், பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் வரை மற்றொரு கம்பியும் வந்து நின்றன. இடையில் கம்பி இல்லை. ஜூலியஸ் ராய்ட்டர் அந்த இடைவெளியில் புறாக்களைப் பறக்கவிட்டு, ரயிலை முந்திக்கொண்டு பங்குச் சந்தைச் செய்திகளைச் சேர்த்தார். அமெரிக்காவில் 1860 ஏப்ரலில் தொடங்கிய போனி எக்ஸ்பிரஸ் குதிரை அஞ்சல், கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் தந்திக் கம்பிகள் நெருங்கிவந்த மாதங்களில் அவற்றின் இரு முனைகளுக்கிடையே ஓடியது. 1861 அக்டோபர் 24 அன்று கம்பிகள் இணைந்ததும் இரண்டே நாளில் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. உங்கள் கப்பலும் அப்படித்தான். பெட்டி இருக்கும் உலகுக்கும் இல்லாத உலகுக்கும் இடையே ஓடுவதற்கு முன் எப்போதும் கிடைக்காத கூலி கிடைக்கட்டும். அந்தச் செழிப்பு தற்காலிகமானது என்று ஆட்டக்காரருக்குத் தெரியும், கதாபாத்திரங்கள் சிலருக்குத் தெரியாது. கேம்பெய்னில் பாதி அமர்வுகளை இந்தக் காலத்துக்கே ஒதுக்குங்கள்.

இதற்கு ஒரு செய்திப் பேரேடு வேண்டும். என் கேம்பெய்னில் ஒரே வரிசையில் நான்கு உலகங்கள்; தமிழ் பேசும் மேசையில் எளிதில் நினைவில் நிற்கும் என்பதால் கொற்கை, தொண்டி, முசிறி, எயிற்பட்டினம் என்று பழைய துறைமுகப் பெயர்களை வைத்தேன். 40ஆம் நாள் கொற்கையில் தானிய விலை பாதியாக விழுகிறது. அன்றே புறப்படும் கப்பல் 47ஆம் நாள் தொண்டியையும், அங்கே ஒரு வாரம் நின்று 61ஆம் நாள் முசிறியையும், 75ஆம் நாள் எயிற்பட்டினத்தையும் அடைகிறது. இப்போது கொற்கைக்கும் முசிறிக்கும் இடையே ஒரு சோடிப் பெட்டி வைத்துப் பாருங்கள். தொலைவில் இருக்கும் முசிறி 40ஆம் நாளே அறிந்துவிட, வழியில் இருக்கும் தொண்டி 47ஆம் நாள்தான் அறிகிறது. ஒரு வாரம் பின்தங்கிய அந்த ஊரின் வணிகர்கள் யார் மேல் கோபப்படுவார்கள் என்று யோசித்தாலே அடுத்த இரண்டு அமர்வுகள் கிடைத்துவிடும். முசிறியில் செய்தியைக் கேட்டு உடனே புறப்படும் கப்பல் தலைவி 47ஆம் நாள் எயிற்பட்டினத்தில் இருப்பார். வழக்கமான அஞ்சல் வர இன்னும் 28 நாள். அந்த 28 நாளைக் காசாக்குவது ஆட்டக்காரரின் சாமர்த்தியம். ஒவ்வொரு அமர்வுக்கு முன்பும் இந்தப் பேரேட்டில் இரண்டு வரிகள் சேர்த்தால் போதும்; வேறு பெரிய தயாரிப்பு தேவைப்படாது.

பெட்டியைக் கதாபாத்திரங்கள் பயன்படுத்தும்போது, ஆட்டக்காரரே செய்தியைத் தாளில் எழுதித் தர வேண்டும் என்பதை விதியாக்குங்கள். எழுத்துக்கு இத்தனை கிரெடிட் என்று கணக்கிட்டு அங்கேயே கழியுங்கள், நிறுத்தக்குறிகளை ஏற்காதீர்கள். எங்கள் மேசையில் அரைமணி நேரம் சொற்களைச் சுருக்கி இறுதியில் அனுப்பிய செய்தி “விற்க வேண்டாம் வாங்கவும்” என்பது. விற்காதே, வாங்கு என்பது அனுப்பியவர் எண்ணம். காற்புள்ளியை ஒரு சொல் முன்னே தள்ளிப் படித்த மறுமுனைத் தரகரோ, விற்றுவிடு, வாங்கவும் வேண்டாம் என்று பொருள் கொண்டு இருப்பு முழுவதையும் விற்றுவிட்டார். எந்தப் பக்கம் படிப்பது என்பதை நான் பகடையிடம் விட்டிருந்தேன். அந்த ஒரு செய்தியின் விளைவுகள் மூன்று அமர்வுகள் நீடித்தன.

பிழைப்போடு அதிகாரத்தையும் சேர்த்து எண்ணிப்பாருங்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் 1814 டிசம்பர் 24 அன்று சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. செய்தி கடலைக் கடந்து வராததால் 1815 ஜனவரி 8 அன்று நியூ ஆர்லியன்ஸில் இரு படைகளும் மோதின. தலைநகரின் ஆணை வந்து சேர மாதங்கள் ஆகும் உலகத்தின் ஆளுநர், நடைமுறையில் அரசரே. சோடிப் பெட்டி வந்த நாளிலிருந்து அவர் எழுத்தர். அவரை வில்லனாக எழுத வேண்டாம். வறட்சிக் காலத்தில் வரியை நிறுத்தி மக்களைக் காப்பாற்றியவராக, இனி அப்படிச் செய்ய அனுமதி கேட்க வேண்டியவராக எழுதினால், பெட்டியை உடைக்க ஆள் தேடும் அவருக்கு ஆட்டக்காரர்களே உதவ முன்வரக்கூடும்.

உடைக்கவும் விடுங்கள். கருவியை யாரும் தடுக்க முடியாது என்று நடத்துபவர் மனத்துக்குள் முடிவு செய்துவிட்டால் ஆட்டக்காரரின் முயற்சிகளுக்கு மதிப்பில்லை. எல்லாவற்றையும் ஒரே குண்டால் நிறுத்திவிடலாம் என்றால் கருவிக்கு மதிப்பில்லை. பெட்டிகளின் வலை எவ்வளவு பரவிவிட்டது என்பதைக் காட்ட, நான் எட்டுக் கூறாகப் பிரித்த ஒரு வட்டத்தை எல்லோரும் பார்க்கும்படி மேசையில் வைப்பேன். ஒவ்வொரு மாதமும் ஒரு கூறு நிரம்பும். நாசவேலை ஒரு கூறை அழிக்கும், ஆனால் யாருடைய கை அதைச் செய்தது என்ற தடயத்தை விட்டுச்செல்லும். வட்டம் நிரம்புவதைத் தள்ளிப்போடலாம். நிரம்பும்போது பெட்டிகள் அரசிடம் இருக்குமா, ஒரே வணிகக் குழுமத்திடமா, துறைமுகத் தொழிலாளர் சங்கத்திடமா என்பதை மாற்றலாம். கருவி யார் கையில் போய்ச் சேர்கிறது என்பதற்கான போராட்டமே பிற்பகுதியின் கதை.

வட்டம் நிரம்பும் அமர்வுக்குப் பெரிய போர்க்களம் எதையும் நான் தயாரிப்பதில்லை. கணக்கேட்டை மீண்டும் ஒருமுறை எல்லோர் முன்னும் திறக்கிறேன். அஞ்சல் வரவு பூஜ்யம், தவணை அதே 1,54,500. கப்பலை விற்பதா, பெட்டியே எட்டாத விளிம்பு உலகங்களுக்குப் போவதா, பழைய கைப்பழக்கத்தை வைத்துப் பெட்டி இயக்குபவராக வேலைக்குச் சேர்வதா என்று ஒவ்வொருவரும் தம் கதாபாத்திரத்தின் வாயால் சொல்கிறார்கள். கப்பல் தலைவி கிளம்பத் தீர்மானித்தால், விளிம்பு உலகங்களுக்கான வரைபடத்தையும் வெற்றுப் பேரேடு ஒன்றையும் அவரிடம் அன்றே கொடுத்துவிடுங்கள்.