நடக்க ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் 2010-லிருந்து நடக்கிறேன். ஜனவரி பிறந்தால் புது ஷூவும் புதுமுகமுமாகப் பலர் வருவார்கள். நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. புகை, குடி கெடுதல் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

"பிரஷர்தான் இறங்கிடுச்சே!"

போன வாரம் ஒருவர், "மூணு மாசமா நடக்கிறேன் சார், பிரஷர் 130/80. மாத்திரையை விட்டுட்டேன்" என்றார் சந்தோஷமாக. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2011-இல், 51 வயதில், நானும் இப்படித்தான் நிறுத்தினேன்.

ஐந்து மாதம் தலைவலிகூட வரவில்லை. ஒரு நாள் காலை காபி டம்ளர் வலது கையிலிருந்து நழுவியது. பேச வாயெடுத்தால் நாக்கு குழறியது. "படுத்தா சரியாயிடும்" என்று சைகை காட்டினேன். மனைவி கேட்கவில்லை, ஆட்டோ பிடித்தாள். அவள் பிடிவாதத்தால்தான் இதை இன்று எழுதுகிறேன். வந்தது பக்கவாதம். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எனக்கோ பிரஷர் 200-ஐத் தாண்டியிருந்தது. அதை இறக்கிய பிறகுதான் ஊசியே போட முடிந்தது. இன்றும் சட்டைப் பொத்தான் போட வலது கை தடுமாறுகிறது.

அந்த 130/80 நடையும் மாத்திரையும் சேர்ந்து கொண்டுவந்தது. நடை மட்டும் குறைப்பது பெரும்பாலும் சில புள்ளிகள்தான். இதில் ஏமாற்றுவது இன்னொன்று: பலரும் சாப்பிடும் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நிறுத்திய மறுநாள் பார்த்தால் அளவு நன்றாகத்தான் இருக்கும். "பார்த்தியா, ஒண்ணும் ஆகல" என்று தோன்றும். பிறகு யாரும் அளந்து பார்ப்பதில்லை. குறைக்கலாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். வாங்கப் போக நேரமில்லை என்பவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது.

பத்தாயிரம் அடி

தினமும் பத்தாயிரம் அடி எடுத்து வைத்தே ஆக வேண்டும் என்பார்கள். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, அடிகளை எண்ணும் ஒரு நடைமானியின் பெயர் அது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரம் 150 நிமிட வேக நடை.

நடை மட்டும் போதும் என்பது

போதாது. தசைக்கும் வாரம் இரண்டு நாள் வேலை வேண்டும். நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுந்து பாருங்கள், தெரியும்.

உப்பு

நாளுக்கு 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் கணக்கில் சேரும்.

காதில் இயர்போன்

கழற்றுங்கள். 2011-இல் நான் யாரோடும் பேசாமல் நடந்து போய்விடுவேன். மாத்திரையை விட்டது வீட்டுக்கே தெரியாது. இப்போது எங்கள் பெஞ்சில் ஆறு பேர். இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் காலை ஆறரைக்குப் போன் அடிக்கும். முதல் கேள்வியே, "மாத்திரை போட்டீங்களா?"