5ஜிக்குக் காசு கட்டமுன்: கொழும்பில் பலர் விடும் பிழைகள்

வெள்ளவத்தையில் எந்தத் தொடர்மாடியில் நின்று போனின் வைஃபை பட்டியலைத் திறந்தாலும், பெயருக்குப் பின்னால் 5ஜி என்று வால் முளைத்த இணைப்புகள் நாலைந்தாவது தெரியும். அதைப் பார்த்து "எங்கட வீட்டில ஏற்கனவே 5ஜிதானே" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். ரவுட்டருக்கும் போனுக்கும் இடையிலான வைஃபை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகிறது என்பதுதான் அந்த வாலின் அர்த்தம். டவரிலிருந்து வரும் ஐந்தாம் தலைமுறைச் சேவைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பழைய 4ஜி ரவுட்டரிலும் ஃபைபர் ரவுட்டரிலும் அதே வால் இருக்கலாம். புறக்கோட்டையிலோ யூனிட்டி பிளாசாவிலோ ரவுட்டர் வாங்கப் போனால், பெட்டியில் இருக்கும் பெரிய எழுத்தைப் பார்த்து ஏமாறாமல், சிம் எந்தத் தலைமுறையில் வேலை செய்யும் என்று நேராகக் கேளுங்கள்.

இதைவிடச் செலவு வைக்கும் பிழை, கவரேஜ் வரைபடத்தை நம்பிப் பெக்கேஜ் எடுப்பது. வரைபடத்தில் கொழும்பு முழுக்க ஒரே நிறம் பூசியிருக்கும். ஆனால் நீங்கள் இருப்பது காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே, நாலு பக்கமும் கட்டடம் எழும்பிய ஒழுங்கையில், பின்பக்க அறையில். இலங்கையில் 4ஜி பெரும்பாலும் ஓடுவது 1800 மெகாஹெர்ட்ஸில். உலகில் பெரும்பாலான நாடுகள் 5ஜிக்குப் பாவிப்பது 3500 மெகாஹெர்ட்ஸ் அக்கம்பக்கம். அதிர்வெண் கூடக்கூட அலை சுவரில் தேய்ந்துபோகும். கொங்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டினால் நிறையப் போய்விடும், வெயில் தடுக்க உலோகப் பூச்சுப் பூசிய கண்ணாடி யன்னலும் கொஞ்சம் விழுங்கும். வீதியில் நிற்கும்போது பறக்கும் இணைப்பு படுக்கையறைக்குள் 4ஜியிலும் மோசமாக வருவது இதனால்தான். கம்பனி சொன்னது பொய் என்றில்லை, வரைபடம் உங்கள் சுவரைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே காசு கட்டமுன், அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் 5ஜி போன்காரர் யாரையாவது வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கொடுங்கள். நீங்கள் பாவிக்கப்போகும் அறையில், நீங்கள் பாவிக்கப்போகும் நேரத்தில் பார்க்கவேண்டும். காலை பத்து மணிக்கு வேகம் பார்த்து மகிழ்ந்துவிட்டு, இரவு எட்டரைக்குக் கிரிக்கெட் பார்க்கும்போது வட்டம் சுற்றுகிறது என்று திட்டுவதில் பிரயோசனமில்லை. ஒரு டவரின் கொள்ளளவை அந்தப் பகுதியில் இருக்கும் எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள், அது லைன் வீட்டுப் பைப் தண்ணீர் மாதிரி. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை போன்ற நெருக்கமான இடங்களில் இரவு நேரம்தான் உண்மையான பரீட்சை.

மூலையில் 5ஜி என்று அடையாளம் விழுந்ததும் திருப்திப்படுகிறவர்களும் உண்டு. பல நாடுகளில் 5ஜி முதலில் வந்தது 4ஜியின் தோளில் ஏறித்தான்: கட்டுப்பாட்டுச் செய்தி 4ஜியில், டேட்டாவில் ஒரு பகுதி மட்டும் 5ஜியில். அப்படியான அமைப்பில் அடையாளம் தெரிந்தாலும் அந்த நொடியில் பெரும்பகுதி 4ஜியிலேயே வந்துகொண்டிருக்கலாம். அடையாளத்தை விட்டுவிட்டு, பெரிய ஃபைல் ஒன்று எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள்.

அதையும் அளவோடு செய்யுங்கள். வேகச் சோதனைச் செயலி சும்மா அளப்பதில்லை, உண்மையான டேட்டாவை இறக்கித்தான் அளக்கிறது. விநாடிக்கு 300 மெகாபிட் இணைப்பில் பத்து விநாடி ஓடினால் 375 மெகாபைட் போய்விடும். கூட்டாளிகளுக்குக் காட்டவென்று நாலு தரம் அமத்தினால் ஒன்றரை ஜிபி காலி. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதையும் மறக்கவேண்டாம்: விளம்பரத்தில் 100 என்று போட்டால், உங்கள் ஃபைல் இறங்குவது விநாடிக்கு 12.5 மெகாபைட்டாக.

பெக்கேஜ் கணக்கில் நம்மவர் வழக்கமாகச் சறுக்கும் இடம் இரவு டேட்டா. பெரிய எழுத்தில் மொத்த ஜிபி இருக்கும். அதில் ஒரு பெரிய பங்கை நள்ளிரவுக்குப் பிறகுதான் பாவிக்கலாம் என்பது சில பெக்கேஜ்களில் சின்ன எழுத்தில் இருக்கும். பகல் பங்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்து விலையை வகுத்துப் பாருங்கள். வேகம் கூடினால் செலவும் கூடும்: யூடியூப் தானாகவே உயர்ந்த தரத்துக்குத் தாவும், பின்னணியில் அப்டேட்டுகள் தங்கள் பாட்டில் இறங்கும். 4ஜியில் மாதம் முழுக்க வந்த அதே பெக்கேஜ் இருபதாம் திகதியே முடிந்தால் ஆச்சரியமில்லை. செட்டிங்கில் வீடியோ தரத்தை 720க்கு மட்டுப்படுத்தினால் போன் திரையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

இன்னுமொன்று. ஃபைபர் வயர் வந்திருக்கும் தொடர்மாடியில் இருந்துகொண்டு வீட்டுத் தேவைக்கு 5ஜி ரவுட்டர் வாங்குவது எனக்குப் புரியாத கணக்கு. வயருக்குச் சுவரும் இல்லை, பக்கத்து வீட்டுக் கிரிக்கெட்டும் அவ்வளவாக இல்லை. வாடகை வீடு மாறிக்கொண்டிருப்பவர்களுக்கும் வயர் எட்டாத ஒழுங்கைகளுக்கும்தான் 5ஜி ரவுட்டர் பொருத்தம்.

போனுக்கு வருவோம். கனடா மாமா, லண்டன் சித்தி அனுப்பும் போன் நம் வீடுகளில் சர்வசாதாரணம். பெட்டியில் 5ஜி என்று இருந்தால் போதாது. அது அந்த நாட்டு நிறுவனத்தின் சிம்மில் மட்டும் வேலை செய்யும்படி பூட்டிய போனா? பூட்டை முறைப்படி திறக்கவேண்டியது அந்த நிறுவனம்தான், இங்குள்ள கடைக்காரர் அல்ல. இங்குள்ள அலைவரிசைகள் அந்த மொடலில் இருக்கிறதா? அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் 14ஆம் வரிசையிலிருந்து சிம் போடும் இடமே இல்லை, அட்டையில்லாமல் போனுக்குள்ளேயே பதியும் இ-சிம் மட்டும்தான். மென்பொருளும் சேர்ந்து வரவேண்டும்: இந்தியாவில் 2022 ஒக்டோபரில் 5ஜி தொடங்கியபோது, 5ஜி ஐபோன் வைத்திருந்தவர்கள் டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வரும்வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். லிபர்ட்டி பிளாசாவில் பாவித்த போன் எடுப்பவர்கள் *#06# அடித்து வரும் 15 இலக்கங்களை (அதுதான் அந்தப் போனின் அடையாள எண்), முன்னால் IMEI என்று ஆங்கிலத்தில் போட்டு ஓர் இடைவெளி விட்டு, 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கலாம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். காசை எண்ணிக் கொடுக்கமுன் அனுப்புங்கள்.

ஒன்று போனால் மற்றது என்று இரண்டு சிம் வைத்திருப்பவர்கள், இரண்டும் வேறு வேறு வலையமைப்பா என்று ஒருதரம் பார்ப்பது நல்லது. எயார்டெல் லங்கா 2024 இல் டயலொக்குடன் இணைந்துவிட்டது. அந்த இரண்டையும் வைத்திருப்பவர் மாற்றுக்கு மொபிடெல்லோ ஹட்ச்சோ எடுப்பதுதான் முறை.

"உங்கட சிம்மை 5ஜிக்கு மாத்தவேணும், வந்த ஓடிபியைச் சொல்லுங்கோ" என்று யாராவது போனில் கதைத்தால் உடனே வையுங்கள். ஓடிபியைக் கொடுத்தால் உங்கள் இலக்கம் இன்னொருவர் கைக்குப் போகலாம், பின்னால் வங்கிக் கணக்கும் போகலாம். சிம் மாற்றத்தான் வேண்டும் என்றால் அடையாள அட்டையோடு நேரே கிளைக்குப் போங்கள்.