திமிங்கிலம் பார்க்கப் படகேறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திமிங்கிலங்களையும் ஓங்கில்களையும் (டால்பின்களையும்) காணப் படகில் செல்லும் ஒரு நாள் எப்படி அமையும் என்பதில் கடலுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, ஏறக்குறைய அதே அளவு பங்கு படகில் இருப்பவர்களுக்கும் உண்டு. பயணிகள் எதைக் கேட்கிறார்களோ அதையே படகோட்டியும் கொடுக்க முற்படுகிறார். "இன்னும் கொஞ்சம் கிட்டே போங்கள்" என்று நாலைந்து குரல்கள் எழுந்துவிட்டால் படகு துரத்தத் தொடங்குகிறது. துரத்தப்பட்ட விலங்கு மூழ்கிவிடுகிறது. படகு அடுத்ததைத் தேடி விரைகிறது. ஆகவே இங்கே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை பயணியின் எதிர்பார்ப்பில் முளைத்து, படகின் போக்கில் வெளிப்பட்டு, விலங்கின் மூச்சைப் பாதிப்பவை.

முதல் தவறு கரையிலேயே நிகழ்ந்துவிடுகிறது. நூறு சதவீதம் காட்டுவோம் என்று விளம்பரம் செய்யும் படகைத் தேடிப் பிடித்து முன்பதிவு செய்பவர்கள் பலர். கட்டற்றுத் திரியும் உயிரினத்தைக் காட்டுவதாக எவராலும் உறுதி கூற இயலாது. காணாமல் திரும்பினால் இன்னொரு நாள் கட்டணமின்றி அழைத்துச் செல்கிறோம் என்பது நேர்மையான ஏற்பாடு. கட்டாயம் காட்டியே தீருவோம் என்பது படகோட்டியைத் துரத்தலுக்குத் தள்ளும் ஏற்பாடு. கட்டணத்தை விசாரிக்கும்போதே, எவ்வளவு தொலைவில் படகை நிறுத்துவீர்கள், ஒரு விலங்கின் அருகே எத்தனை நிமிடம் இருப்பீர்கள், விலங்குகளைப் பற்றி விளக்கத் தெரிந்தவர் படகில் இருக்கிறாரா, அங்கே ஏற்கெனவே வேறு படகுகள் நின்றால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்க வேண்டும். இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்லும் நிறுவனமே நம்பத் தகுந்தது.

பருவத்தைக் கவனிக்காமல் போவது அடுத்த தவறு. ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் கோடையில் குளிர்ந்த கடல்களில் இரை தேடி, குளிர்காலத்தில் குட்டி ஈன வெப்பமண்டலக் கடல்களுக்கு வருபவை என்பதால், ஹவாய்த் தீவுகளில் குளிர்காலத்தில் நிறைந்திருக்கும் அவற்றைக் கோடையில் அங்கே தேடுவதில் பயனில்லை. மாறாக, நியூசிலாந்தின் கைகோராவில் கரைக்கு மிக அருகிலேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று இருப்பதால் ஸ்பெர்ம் திமிங்கிலங்களை ஆண்டு முழுவதும் காண முடிகிறது. விலங்கு இருந்தாலும் கடல் இடம் கொடுக்க வேண்டும். இலங்கையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கரையின் மிரிஸ்ஸவில் கடல் கொந்தளிக்கும். அப்போது கிழக்குக் கரையின் திருகோணமலைக் கடல் ஒப்பளவில் அமைதியாக இருக்கும். இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு மாதத்தை விடுமுறையின் போக்குக்கு விட்டுவிடுவதுதான் பலருடைய ஏமாற்றத்துக்குக் காரணம்.

குமட்டலுக்கான மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு விழுங்குவது மிகப் பரவலான தவறு. அது பயண நேரத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பாவது உட்கொள்ளப்பட வேண்டியது. சிலருக்குத் தூக்கம் வரவழைக்கும் என்பதால் எந்த மாத்திரை ஏற்றது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. வெறும் வயிறும் ஆகாது, புடைக்க உண்ட வயிறும் ஆகாது. தலை சுற்றத் தொடங்கியதும் உள்ளறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளவே மனம் சொல்லும். ஆனால், காற்றோட்டமான மேல்தளத்தில், அசைவு குறைவாக உள்ள படகின் நடுப்பகுதியில் நின்று அடிவானத்தைப் பார்ப்பதே உதவும். கைபேசித் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதைப் போல் குமட்டலை விரைவாகக் கொண்டுவருவது வேறொன்றில்லை. கரையில் வெயில் சுட்டாலும் கடலில் காற்று குளிரும் என்பதால் ஒரு மேலாடையும் தேவை.

எதைத் தேடுவது என்று தெரியாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு தவறே. பெரும்பாலோர் பாய்ந்தெழும் உடலையோ உயர்ந்த வாலையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். முதலில் தென்படுவதோ மூச்சுதான். திமிங்கிலம் வெளிவிடும் வெதுவெதுப்பான காற்று குளிர்ந்து வெண்புகையாக எழும்புகிறது. அந்த மூச்சின் வடிவமே எந்த இனம் என்று சொல்லிவிடும்: நீலத் திமிங்கிலத்தின் மூச்சு தூண்போல் ஒன்பது மீட்டர் உயரம்வரை நிமிர்ந்து எழும், ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் ஊதுதுளை தலையின் முன்முனையில் இடப்பக்கமாக அமைந்திருப்பதால் அதன் மூச்சு முன்னோக்கி இடப்புறம் சாய்ந்து வெளிப்படும், ரைட் திமிங்கிலத்தின் மூச்சு இரண்டாகப் பிரிந்து விரியும். அலைமுகடுகளில் வெண்நுரை தோன்றத் தொடங்கிவிட்டால் இந்த மூச்சையும் சிறு முதுகுத் துடுப்புகளையும் பிரித்தறிவது கடினம் என்பதால், காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும் காலைப் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை. மிகுந்த உருப்பெருக்கம் கொண்ட தொலைநோக்கியும் ஆடும் படகில் பயன்படாது; ஏழு அல்லது எட்டு மடங்கு போதும். கண்டவர் கையை நீட்டி "அங்கே, அங்கே" என்று கத்துவதைவிட, படகின் முன்முனையைப் பன்னிரண்டு மணியாகக் கொண்டு "இரண்டு மணித் திசையில்" என்று சொன்னால் எல்லோரும் ஒரே இடத்தைப் பார்க்க முடியும்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய தவறான நெருங்குதலுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் தேசிய வழிகாட்டு நெறிகள் திமிங்கிலத்திலிருந்து 100 மீட்டரும் ஓங்கிலிலிருந்து 50 மீட்டரும் விலகியிருக்கச் சொல்கின்றன. திமிங்கிலத்தைச் சுற்றிய 300 மீட்டர் வட்டத்தில் ஒரே நேரத்தில் மூன்று படகுகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், அந்த வட்டத்துக்குள் மெதுவாகவே செல்ல வேண்டும் என்றும் வகுத்திருக்கின்றன. அமெரிக்காவில், எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்ட வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலத்திலிருந்து 500 கஜம், அதாவது சுமார் 457 மீட்டர், விலகியிருக்க வேண்டும் என்பது சட்டம். நாட்டுக்கு நாடு அளவுகள் வேறுபட்டாலும் அடிப்படை ஒன்றே: விலங்கின் முன்னால் போய் வழிமறிக்கக் கூடாது, பின்னாலிருந்து துரத்தக் கூடாது, சற்றுப் பின்பக்கமாக ஒருபுறம் ஒதுங்கி, அது செல்லும் திசைக்கு இணையாக, அதன் வேகத்தை மீறாமல் செல்ல வேண்டும். தாய்க்கும் குட்டிக்கும் இடையில் படகு நுழைவதற்கு எந்தச் சூழ்நிலையிலும் நியாயம் கிடையாது.

தொலைவைப் போலவே ஒலியும் பொருட்படுத்தப்பட வேண்டியது. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில், காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் மேலாகப் பயணிக்கிறது. ஒலியாலேயே இனத்தோடு தொடர்புகொள்ளும், பற்களைக் கொண்ட திமிங்கிலங்களானால் ஒலியாலேயே இரையையும் கண்டறியும் உயிரினங்களுக்கு, நாற்புறமும் சூழ்ந்து உறுமும் இயந்திரங்கள் எவ்வளவு பெரிய இடையூறு என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். திடீரென்று வேகத்தைக் கூட்டுவதும் கியரை அடிக்கடி மாற்றுவதும் சீரான மெல்லிய ஓட்டத்தைவிட அதிகமாகக் கலவரப்படுத்தும்.

ஸ்பெர்ம் திமிங்கிலத்தை எடுத்துக்கொண்டால் இதன் விளைவு தெளிவாகப் புரியும். கணவாய் வேட்டைக்காக அது முக்கால் மணி நேரம் வரையும், சில வேளைகளில் ஒரு மணி நேரத்துக்கு மேலும்கூட, ஆழத்தில் இருந்துவிட்டு மேலே வந்து, ஏறத்தாழப் பத்து நிமிடம் அசையாமல் மிதந்தபடி மூச்சு வாங்குகிறது. அடுத்த மூழ்கலுக்கான ஆக்சிஜனை அது சேமித்துக்கொள்வது அப்போதுதான். "சும்மாதானே கிடக்கிறது, பக்கத்தில் போகலாமே" என்று பயணிகள் எண்ணுவதும் அதே நேரத்தில்தான். படகு பாய்ந்து வந்தால் அது மூச்சு நிறையாமலே மூழ்கக்கூடும். வேட்டை குலையும், பயணிகளும் மீண்டும் முக்கால் மணி நேரம் வெற்றுக் கடலையே பார்த்துக்கொண்டிருக்க நேரும். தொலைவில் அமைதியாக நின்ற படகுக்கோ, மூச்சு முடிந்ததும் முதுகை வளைத்து வாலை உயர்த்தி இறங்கும் முழுக் காட்சியும் கிடைக்கும். எல்லா இனமும் அப்படி வாலை உயர்த்துவதில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும்: பிரைடு திமிங்கிலம் வாலைக் காட்டாமலே மூழ்குவது வழக்கம், நீலத் திமிங்கிலம் சில வேளைகளில் மட்டுமே காட்டும். அதைத் தெரியாமல் படகோட்டியைக் குறை சொல்வது நியாயமாகாது.

ஓங்கில்கள் விஷயத்தில் தவறு வேறு வகையானது. அவை தாமாக வந்து படகின் முன்னலையில் சவாரி செய்பவை என்பதால், எப்போதும் விளையாட விரும்புபவை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. அவற்றின் வாயமைப்பு சிரிப்பதுபோல் இருப்பது எலும்பும் தசையும் அமைந்த விதமேயன்றி மகிழ்ச்சியின் அடையாளம் அன்று. சுழல் ஓங்கில்கள் இரவில் ஆழ்கடலில் இரை தேடிவிட்டுப் பகலில் கரையோர விரிகுடாக்களில் ஓய்வெடுப்பவை; பகல் நேரச் சுற்றுலாப் படகுகள் அவற்றின் உறக்கத்துக்குள்தான் நுழைகின்றன. இதனாலேயே ஹவாயில் 2021 முதல் அவற்றை 50 கஜத்துக்குள், அதாவது சுமார் 45 மீட்டருக்குள், நெருங்குவதற்குத் தடை இருக்கிறது. ஓங்கில்கள் படகை நாடி வந்தால் வேகத்தையும் திசையையும் மாற்றாமல் சென்றுகொண்டிருந்தால் போதும். கைதட்டுவது, விசிலடிப்பது, மீனை வீசுவது, நீரில் குதிப்பது எதுவும் வேண்டாம். இரையூட்டப்பட்ட ஓங்கில் படகுகளை நெருங்கப் பழகி, சுழலும் விசிறிகளில் காயப்படுகிறது. கூட்டம் திடீரெனத் திசை மாற்றினாலோ, வாலால் நீரை மீண்டும் மீண்டும் அறைந்தாலோ, மூழ்கியிருக்கும் நேரத்தை நீட்டித்துக்கொண்டே போனாலோ, விலகும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். இதைக் கவனித்துப் படகோட்டியிடம் "போதும், கிளம்பலாம்" என்று சொல்லும் உரிமை பயணிக்கு உண்டு. அப்படி ஒருவர் சொல்வதைப் பல படகோட்டிகள் ஆறுதலாகவே எடுத்துக்கொள்வார்கள்.

படம் எடுப்பதிலும் இரண்டு தவறுகள் உண்டு. ஒன்று, மூழ்கிய இடத்திலேயே கேமராவைக் குறிவைத்துக் காத்திருப்பது. நீந்திச் செல்லும் விலங்கு அங்கே திரும்ப வராது. அது சென்ற திசையில் சற்று முன்னே பார்க்க வேண்டும். வால் வீச்சினால் நீர்ப்பரப்பில் வழவழப்பான வட்டங்கள் வரிசையாகத் தோன்றினால் அவையே திசை காட்டும். மற்றொன்று, ஷட்டர் வேகத்தைக் குறைவாக வைப்பது. படகும் விலங்கும் சேர்ந்து அசையும் இடத்தில் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது தேவை.

எடுத்த படங்களை நாளும் நேரமும் இடமும் குறிக்காமல் சேர்த்து வைப்பதும் இழப்பே. ஹம்ப்பேக் திமிங்கிலத்தின் வாலின் அடிப்பக்கத்தில் உள்ள கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் தனியானது; ஹேப்பிவேல் போன்ற இணையதளங்கள் பயணிகள் அனுப்பும் படங்களை ஒப்பிட்டு, அதே விலங்கு இதற்கு முன் எந்தக் கடலில் காணப்பட்டது என்று கண்டறிகின்றன. அழகான பக்கவாட்டுப் படத்தைவிட, வால் செங்குத்தாக எழும் நொடியில் பின்புறமிருந்து எடுத்த மங்கலான படம் அவர்களுக்கு அதிகம் பயன்படும்.