தலைக்கு மேல் இரைந்து சென்ற விமானத்தை அடையாளம் காண்பது எப்படி?

வீட்டுக்கு மேலே பேரிரைச்சலுடன் ஏதோ பறந்து சென்றால், வெளியே ஓடுவதற்கு முன் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது நிமிடக் கணக்கில் சரியாகத் தெரிந்தால் மற்றதைப் பிறகு நிதானமாகத் தேடலாம். ‘நள்ளிரவு வாக்கில்’ என்ற அளவில் நின்றுவிட்டால் தேடல் வெறும் ஊகமாகவே முடியும்.

அடுத்து, சத்தத்தின் தன்மையைக் கவனிக்க வேண்டும். தடதடவென்று காற்றை அறைந்தபடி, சில சமயம் ஜன்னலையும் அதிரவைத்து வருவது ஹெலிகாப்டர். ஒரே சுருதியில் ரீங்கரிப்பது பெரும்பாலும் புரொப்பல்லர் விமானம். ஜெட் விமானத்தில் உறுமலோடு சீறலும் கலந்திருக்கும். ஒன்றோ இரண்டோ வெடியோசை மட்டும் கேட்டு அடங்கினால், ஒலியை மிஞ்சிய வேகத்தில் சென்ற விமானமாக இருக்கலாம். ஆனால் இடி, பாறைவெடி போன்றவற்றையும் ஒதுக்கிவிடக் கூடாது.

ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும் என்பதால், 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் சத்தம் நம்மை எட்ட ஏறத்தாழ அரை நிமிடம் ஆகிறது. அதற்குள் விமானம் பல கிலோமீட்டர் முன்னே போயிருக்கும். எனவே சத்தம் வரும் இடத்தை விட்டு, அது நகரும் திசையில் முன்னே தள்ளிப் பாருங்கள். காதைத் துளைக்கும் சத்தமென்றால் விமானம் பெரும்பாலும் தாழ்வாகத்தான் பறந்திருக்கும்.

பிறகு விமானங்களின் இருப்பிடத்தைக் காட்டும் பிளைட்ரேடார்24 அல்லது ஏடிஎஸ்பி எக்ஸ்சேஞ்ச் இணையதளத்தின் வரைபடத்தைத் திறந்து, குறித்த நேரத்துக்குப் பின்னோக்கிச் செல்லுங்கள். பழைய பதிவுகளின் நேரம் உலகப் பொது நேரத்தில் (UTC) இருக்கக்கூடும். உள்ளூர் நேரத்தை அதற்கு மாற்றாமல் தேடுவதாலேயே பலருக்கு ஒன்றும் அகப்படுவதில்லை. அங்கே காட்டப்படும் உயரம் பொதுவாக உங்கள் கூரையிலிருந்து அளந்ததன்று, காற்றழுத்தத்தைக் கொண்டு கணித்தது. மேட்டு நிலத்தில் வசிப்பவர்கள் கடல்மட்டத்திலிருந்து தம் ஊரின் உயரத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

வரைபடத்தில் எதுவும் இல்லையென்றால், அதுவும் ஒரு துப்புதான். ராணுவ விமானங்கள் தம் இருப்பிடத்தை ரேடியோ சமிக்ஞையாக அனுப்பாமல் பறக்கலாம். தாழப் பறப்பவை மலைகளாலும் கட்டடங்களாலும் மறைக்கப்பட்டுத் அந்தச் சமிக்ஞையைப் பெறும் தரையிலுள்ள கருவிகளுக்கு எட்டாமல் போகலாம். உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பிளைட்ரேடார்24 மறைக்கும் விமானம் ஏடிஎஸ்பி எக்ஸ்சேஞ்சில் தென்படக்கூடும் என்பதால், இரண்டையும் பார்ப்பது நல்லது.

சத்தம் சில நாட்களில் மட்டும் கேட்டால் காற்றின் திசையையும் சேர்த்துக் குறியுங்கள்: விமானங்கள் பொதுவாகக் காற்றை எதிர்த்தே ஏறி இறங்குவதால், காற்று மாறினால் அவை வரும் பாதையும் மாறிவிடும்.