சந்தைக்குப் போகுமுன் டேப்பை எடுங்கள்

பொள்ளாச்சி சந்தையில் கேரள வியாபாரிகள் கறி மாட்டைக் கண்ணாலேயே எடை போட்டு, துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். மாட்டை விற்கப் போகும் நீங்கள் அதன் எடை தெரியாமல் போனால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதாலேயே பெருக்குங்கள். அப்புறம் தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரையுள்ள நீளத்தால் (அதுவும் அங்குலத்தில்) பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். சுற்றளவு 66, நீளம் 54 என்றால் சுமார் 356 கிலோ. எலும்போடு சேர்த்தே இதில் ஏறக்குறைய பாதிதான் கறியாகத் தேறும்; வியாபாரி மனதில் ஓடுவது அந்தக் கணக்குதான்.

பணத்துக்கு அவசரமில்லையா? பக்ரீத், கிறிஸ்துமஸ், ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில் கொண்டுபோங்கள், கிராக்கி கூடும். ஈஸ்டருக்கு முன் வரும் நோன்பின் தொடக்கத்தில் மட்டும் வேண்டாம்; அப்போது பலர் கறியை விடுவதால் கிராக்கி குறையும்.