தறிப் பஞ்சு பறக்கும் ஊரில் ஏசியைக் கோடைக்குத் தயார் செய்தல்

பள்ளிப்பட்டு, நகரிப் பக்கம் விசைத்தறி ஓடும் தெருவில் குடியிருப்பவர்களின் ஏசியை முதலில் அடைப்பது பஞ்சுத் தூசிதான். அக்கினி நட்சத்திரம் பிறந்த பின் மெக்கானிக் கிடைப்பது அரிது என்பதால், மாசி மாதத்திலேயே இவ்வேலையை முடித்துவிடுகிறேன்.

ரிமோட்டில் நிறுத்தினால் மட்டும் போதாது, மின்பெட்டியில் ஏசிக்கான எம்சிபி சுவிட்சையும் இறக்கிவிடுங்கள். பில்டர்களைச் சாதாரணத் தண்ணீரில் கழுவி, நிழலில் முழுவதும் உலர்த்தி மாட்டுங்கள். சூடான தண்ணீர் சட்டத்தைக் கோணலாக்கிவிடும்.

வெளி யூனிட்டின் தகடுகளில் படிந்த பஞ்சை, பெயின்ட் அடிக்கும் அகலமான தூரிகையால் மேலிருந்து கீழாக வருடி எடுங்கள். புளோயர் பஞ்சை உள்ளே தள்ளிவிடுவதாலும், வேகமான தண்ணீர் மெல்லிய தகடுகளை வளைத்துவிடுவதாலும், எனக்குத் தூரிகையும் செடிக்கு ஊற்றும் பூவாளியுமே போதும்.

அடுத்தது வடிகுழாய். இரண்டு கோடைகளுக்கு முன், எல்லாவற்றையும் கழுவிய பிறகும் உள் யூனிட்டிலிருந்து சுவரில் தண்ணீர் வழிந்தது; வந்த மெக்கானிக் சொன்னபடி, குளிரூட்டும் கேஸ் நிரப்பியும் நிற்கவில்லை. செடிகளுக்கு ஊற்றலாம் என்று குழாயின் முனையை வாளிக்குள் விட்டிருந்தேன். வாளி நிறைந்து முனை மூழ்கியதும், குழாயிலிருந்த காற்று வெளியேற வழியின்றி, மேலிருந்து வரும் தண்ணீரை மறித்திருக்கிறது. ஆகவே முனையை வாளியின் விளிம்புக்கு மேலே கட்டி வையுங்கள். குழாயும் இடையில் தொய்யாமல் சரிவாக இறங்க வேண்டும். பிறகு மின்பலகை இல்லாத பக்கமாக, உள் யூனிட்டின் தகடுகள் மீது ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அது தடையின்றி வெளியே வருகிறதா என்று பாருங்கள். இப்படிச் சோதித்த புத்தூர் உறவினர் ஒருவருக்குச் சொட்டுக்கூட வரவில்லை. குழாயின் வாயைக் குளவி மண்கூடு அடைத்திருந்தது. முனையில் சிறிய கொசுவலைத் துண்டைக் கட்டுவதும், அதில் பாசி படியாமல் பார்த்துக்கொள்வதும் நல்லது.

எல்லாம் உலர்ந்த பின் 24 டிகிரியில் இருபது நிமிடம் ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம். குளிர்ச்சி குறைந்திருந்தால் மெக்கானிக்கை அழையுங்கள். ஆனால் கேஸ் ஓடி ஓடித் தீர்ந்துபோகும் பொருளன்று. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே நிரப்பச் சொல்லுங்கள்.